மூணுசுவரும் உள்பக்கத் தாழ்ப்பாளும்

இருபத்தாறு வருஷத்தில் அவர் இருநூறு குளியலறைகளுக்கு மேல் அமைத்திருக்கிறார். அவற்றில் ஒன்றில்கூட இதுவரை யாரும் குளித்ததில்லை. குழாயைத் திருகினால் சொட்டுத் தண்ணீர் வராது, ஃபிளஷை அழுத்தினால் சத்தம்கூடக் கேட்காது. ஆனாலும் அவற்றைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் தங்கள் வீட்டுக் குளியலறையைப் பார்த்து முகம் சுளித்தார்கள். அந்த முகச்சுளிப்பில்தான் அவர் பிழைப்பு ஓடியது.

டைல்ஸ், குழாய், வாஷ்பேசின் எல்லாம் விற்கும் ஒரு பெரிய ஷோரூமில் மாதிரி அறைகள் அமைப்பது அவர் வேலை. மாதிரி அறை என்றால் மூன்று பக்கம் பலகைச் சுவர், நாலாவது பக்கம் வெட்டவெளி. வாடிக்கையாளர்கள் அந்த நாலாவது பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். புருஷன் பெண்டாட்டியைப் பார்ப்பான், பெண்டாட்டி கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொள்வாள். மாதத்துக்கு ஒரு தடவை சுவரைப் பிரித்து வேறு அறையாக மாற்ற வேண்டும். அதனால் ஷோரூமில் முதலாளி முதல் வாட்ச்மேன் வரை அவரை 'மூணுசுவர்' என்றுதான் கூப்பிட்டார்கள். அடையாள அட்டையில் வேறு ஒரு பெயர் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை.

பெரிய குளியலறை அமைப்பதில் மூணுசுவருக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. இடம் நிறைய இருந்தால் யார் வேண்டுமானாலும் அழகாகச் செய்துவிடலாம் என்பார். அவருக்கு உயிர், வீட்டில் விருந்தாளிகளுக்கென்று ஒதுக்கும் அந்தச் சின்ன அறைதான். ஒரு கமோடு, ஒரு வாஷ்பேசின், ஒரு கண்ணாடி, அவ்வளவே. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மனிதருக்கு நேரம் காலம் தெரியாது.

"சின்ன ரூமுக்கு வெள்ளையடிச்சுப் பெரிசா காட்டப் பாக்காதீங்க. குள்ளமானவர் எட்டி எட்டி நடக்கற மாதிரிதான் இருக்கும், எல்லாருக்கும் தெரிஞ்சிடும்" என்பார் வாடிக்கையாளர்களிடம். "சின்னதைச் சின்னதாவே விட்டுடுங்க. கொஞ்சம் செல்லம் கொடுங்க, போதும். நல்ல கரும்பச்சை அடிங்க. கண்ணாடிக்கு மேல விளக்கு வைக்காதீங்க, முகத்துல மீசை மாதிரி நிழல் விழும். பொம்பளைங்களுக்கும் விழும். ரெண்டு பக்கமும் வையுங்க."

இதற்கெல்லாம் மேலே அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. அதன் பெயர் முதல் பார்வை. வெளியே நிற்பவர் கண்ணில் முதலில் எது படுகிறதோ அது அறையிலேயே அழகான பொருளாக இருக்க வேண்டும். யார் கண்ணிலும் கமோடு முதலில் படக்கூடாது. இருநூறு அறைகளில் இந்தச் சட்டத்தை அவர் ஒரு தடவைகூட மீறவில்லை. அந்தப் பெருமைதான் பிற்பாடு அவர் காலை வாரிவிட்டது.

ஊருக்கெல்லாம் குளியலறை அமைத்துக் கொடுத்தவர் வீட்டில் கீழ்த்தளத்தில் ஒரு கழிவறை இல்லை. இருந்த ஒன்று மாடியில் இருந்தது, பதினோரு படி ஏறிப் போக வேண்டும். படிக்கு அடியில் நாலடி அகலம் ஆறடி நீளத்துக்கு ஓர் இடுக்கு உண்டு. அதில் ஓட்டைக் குடை, ஓடாத மின்விசிறி, அவர் பல வருஷமாகச் சேர்த்துவைத்த மாதிரி டைல்ஸ் என்று சகலமும் அடைந்து கிடந்தன. அதற்கு ஒரு பழைய கதவும் இருந்தது. அந்தக் கதவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மூணுசுவர் வைத்துக்கொள்ளவில்லை.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். அநாவசியமாக ஒரு வார்த்தை பேச மாட்டார். 'மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க' என்று தினம் நூறு பேரிடம் சொல்லிச் சொல்லி வாய் அலுத்துப்போனவர். "ஊர்ல இருக்கறவங்க வீட்டையெல்லாம் சோடிக்கறீங்க. நம்ம வீட்டுக்கு யாராவது வந்தா மாடிக்கு ஏறிப் போகணும்" என்று கல்யாணமான புதிதில் ஒரு தடவை சொன்னார். இருபத்து மூன்று வருஷம் கழித்து இன்னொரு தடவை சொன்னார். நடுவில் சொல்லவில்லை.

அந்த இடுக்குக்கு விடிவு காலம் பிறந்தது அக்காவின் முழங்காலால்.

மூணுசுவரின் அக்கா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஐந்தரை அடிக்கு மேல் உயரம். அதற்கு மேல் உயரம் குரல். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அதட்டினால் அந்தக் கோடியில் எறிந்த பந்து யோசித்துத்தான் கீழே விழும். தனியாக இருந்தாள், தனியாக இருப்பதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. முப்பத்தைந்து வருஷம் ஓடிய ஓட்டத்தில் வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆப்பரேஷன் செய்து புது மூட்டு வைத்தார்கள். உடற்பயிற்சிக்கு ஒரு மாதம் ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டும், அதற்குப் பிறகும் ஆறு வாரத்துக்குப் படியேறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் குடியிருந்ததோ மூன்றாவது மாடி.

"நம்ம வீட்டுக்கு வந்துடுக்கா" என்றார் மூணுசுவர் போனில்.

"உன் வீட்டுலயும் மாடிக்குப் போகணுமே?"

"கீழேயே ஒண்ணு கட்டிடறேன். நீ டிஸ்சார்ஜ் ஆகறதுக்குள்ள முடிச்சிடுவேன். பாத்தா அசந்துபோயிடுவ."

"எனக்கு அலங்காரமெல்லாம் வேண்டாம்டா" என்றாள் அக்கா. "உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கணும். அது போதும்."

"அது இல்லாமயா?" என்று சிரித்தார் அவர். போனை வைத்த பிறகு அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. ஏன் என்று சொல்ல நாற்பத்தேழு வருஷம் பின்னால் போக வேண்டும். அதிக நேரம் ஆகாது, போய்விட்டு வந்துவிடலாம்.

அப்போது அவருக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. எட்டுக் குடித்தனத்துக்கு ஒரே கழிவறை, அதுவும் வரிசைக் கடைசியில். கதவு உண்டு, தாழ்ப்பாள் உடைந்து எவ்வளவோ காலமாகியிருந்தது. எட்டு வீட்டுக்காரர்களும் 'யாராவது மாற்றுவார்கள்' என்று இருந்துவிட்டார்கள். அதனால் அக்கா போகும்போதெல்லாம் தம்பி வெளியே காவல் நிற்க வேண்டும். பையன் அங்கேதான் நிற்கிறானா, விளையாடப் போய்விட்டானா என்று உள்ளே இருப்பவளுக்கு எப்படித் தெரியும்? வாய்ப்பாடு சொல்லச் சொல்லியிருந்தாள். இரண்டாம் வாய்ப்பாட்டில் ஆரம்பித்து அவன் உரக்கச் சொல்லிக்கொண்டே நிற்பான். சத்தம் கேட்டால் காவல் இருக்கிறது என்று அர்த்தம். அவனுக்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரைக்கும் தெரியும், அதற்குள் அவள் வந்துவிடுவாள்.

ஒருநாள் தெருமுனையில் ஒரு லாரி சேற்றில் மாட்டிக்கொண்டது. ஊரே கூடித் தள்ளுகிற சத்தம் கேட்டது. எட்டாம் வாய்ப்பாட்டில் மூவெட்டு இருபத்தி நாலு வரை வந்த பையன் நாலெட்டைச் சொல்லாமல் ஓடிவிட்டான். அவன் திரும்பி வருவதற்குள் யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள். கெட்ட எண்ணத்தோடு திறக்கவில்லை, ஆள் இருப்பது தெரியவில்லை. ஆனால் வெளியே தண்ணீருக்கு வரிசையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள், அவர்களில் ஒருத்தி சிரித்தாள். அக்கா எட்டு நாள் அவனோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் ஒன்றும் நடக்காத மாதிரி அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவளும் பேசியதில்லை, அவரும் கேட்டதில்லை.

ஆகவே அந்த வேலையில் அவர் முதலில் வாங்கிய பொருள் தாழ்ப்பாள். நல்ல கனமான பித்தளைத் தாழ்ப்பாள். தள்ளினால் வெண்ணெயில் போகிற மாதிரி போய் 'டக்' என்று உட்கார வேண்டும். அந்த 'டக்'குக்காக ஷோரூமில் பதினான்கு தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்து எல்லார் உயிரையும் எடுத்தார். துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார். தாழ்ப்பாள் கைக்கு வந்ததும் அந்தக் கவலை தீர்ந்தது என்று நிம்மதியாகிவிட்டார். அங்கேதான் அவர் கோட்டை விட்டது.

மறுநாள் கொத்தனாரும் பிளம்பரும் வந்தார்கள். தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே எடுக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று முதல் வேலையாகக் கதவைக் கழற்றிக் கொல்லைப்பக்கம் சாய்த்து வைத்தார்கள். அப்புறம் மூன்று வாரம் அந்த அறை, மூன்று சுவரும் ஒரு வெட்டவெளியுமாக அவர் முன்னால் நின்றது. இருபத்தாறு வருஷமாக எப்படிப் பார்த்துப் பழகினாரோ அப்படியே நின்றது. மனிதருக்கு வேறென்ன வேண்டும்?

மற்ற விஷயங்களில் அவரைக் குறை சொல்ல முடியாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் பார்த்துச் செய்தார். படிக்கு அடிப்பக்கம் என்பதால் கூரை சாய்வாக இறங்கும். அக்கா உயரமானவள், எழுந்திருக்கும்போது தலை இடிக்கக் கூடாது என்று சமையலறை முக்காலியைப் போட்டு மனைவியை இருபது தடவை உட்காரவைத்து எழுப்பினார். முழங்கால் அதிகம் மடங்காதபடி கமோடுக்குக் கீழே மேடை கட்டி உயர்த்தினார். இரண்டு பக்கமும் பிடித்து எழக் கம்பி வைத்தார். அதற்காக ஆஸ்பத்திரிக்கு போன் செய்து, "அக்கா, உக்காந்திருக்கும்போது உன் முழங்கை தரையிலேர்ந்து எவ்வளவு உயரம்?" என்று கேட்டார். "ஏண்டா, எனக்கு என்ன சவப்பெட்டியா செய்யற?" என்று அவள் கேட்டாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தது இவருக்குக் கேட்டது.

சுவருக்குக் கரும்பச்சை. சாய்வுக் கூரைக்கும் அதே பச்சை, எங்கே சுவர் முடிகிறது எங்கே கூரை ஆரம்பிக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. தரைக்கு, சேர்த்துவைத்திருந்த மாதிரி டைல்ஸ். இருபத்தாறு வருஷத்தில் விற்காமல் நின்றுபோன ரகங்களில் ஒவ்வொன்றாக எடுத்துவைத்தவை, ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. நாற்பத்திரண்டு டைல்ஸை ஹாலில் பரப்பிவைத்துக்கொண்டு ஒரு வாரம் இப்படியும் அப்படியும் மாற்றினார். வீட்டில் இரண்டு பேரும் அவற்றைத் தாண்டித் தாண்டிச் சாப்பிடப் போனார்கள். பதித்து முடித்ததும் தரை முழுக்கப் பூவும் கோடும் வட்டமுமாக, பழைய துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வை மாதிரி இருந்தது.

கடைசியாக முதல் பார்வை. வெளியே நிற்பவர் கண்ணில் எது முதலில் பட வேண்டும்? பிளம்பர் உள்மூலையில் ஒரு சின்ன பேசினைப் பொருத்தலாம் என்றார்.

"மூலையிலயா? மூலையில வெச்சா யார் கண்ணுல படும்?" என்றார் மூணுசுவர். "இங்க வை. நுழைஞ்ச உடனே, இடது பக்கம்."

"சார், இங்கேயா?" பிளம்பர் தலையைச் சொறிந்தார். "கொஞ்சம் முன்னாடி வர மாதிரி இல்ல?"

"முன்னாடி வரணும்தான்யா. அதுதான் விஷயமே."

பிளம்பருக்கு வாயில் ஏதோ வந்தது. ஆனால் இருநூறு குளியலறை அமைத்தவரிடம் வாதாடுவானேன் என்று விழுங்கிவிட்டார். கருங்கல் பலகை மேல் வட்டமான வெள்ளைப் பேசின், அதற்கு மேல் வட்டக் கண்ணாடி, இரண்டு பக்கமும் விளக்கு. மூணுசுவர் வழியில் நின்று விளக்கைப் போட்டுப் பார்த்தார். உச்சி குளிர்ந்துபோனது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

மனைவி வெகுநேரம் பார்த்தார். "நல்லா இருக்குங்க" என்றார். அவர் அப்படிச் சொல்வது பத்து வருஷத்துக்கு ஒரு தடவை. மூணுசுவருக்குத் தலைகால் புரியவில்லை.

அக்கா வருகிற அன்று காலை ஏழு மணிக்குத் தச்சர் வந்தார். மீதியிருந்தது கதவை மாட்டித் தாழ்ப்பாள் அடிக்கிற வேலைதான், அரை மணி நேரம் ஆகும். கொல்லையிலிருந்து கதவைத் தூக்கி வந்து நிலையில் பொருத்தி உள்பக்கம் தள்ளினார். கதவு ஒரு சாண் போயிற்று. கருங்கல்லில் 'ணங்' என்று முட்டி நின்றது.

தச்சர் மறுபடி தள்ளினார். 'ணங்'.

மூணுசுவர் பேய்முழி முழித்தார். "கீலை அந்தப் பக்கம் மாத்தினா?"

"கதவோட நுனி போய் பேசின்லதான் சார் இடிக்கும்."

"வெளிப்பக்கம் திறந்தா?"

தச்சர் கதவைத் திருப்பிப் பிடித்துக் காட்டினார். மாடிப்படியின் கைப்பிடித் தூணில் இடித்துக்கொண்டு பாதியில் நின்றது. அந்தச் சந்தில் பூனை போகலாம், வாக்கரோடு ஒரு மனுஷி போக முடியாது. பக்கவாட்டில் நகரும் கதவு வைக்கலாமென்றால் ஒரு பக்கம் படி, மறு பக்கம் மின்சாரப் பெட்டி.

தச்சர் காதில் இருந்த பென்சிலை எடுத்துக் கடித்தார். அறையை மேலும் கீழும் பார்த்தார். "படம் மாதிரி இருக்கு சார்" என்றார் உண்மையான வியப்போடு. "ஆனா படத்துக்குள்ள போயிட்டுக் கதவைச் சாத்தற மாதிரி இல்லையே!"

நடுவில் மடிகிற கதவு ஒன்றுதான் வழி. புதிதாகச் செய்ய வேண்டும், நாலு நாள் ஆகும் என்று சொல்லிவிட்டு அளவெடுத்துக்கொண்டு போனார். அக்கா பதினோரு மணிக்கு வருகிறாள். மூணுசுவர் ஒரு கையில் பித்தளைத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நடு ஹாலில் நின்றார். அதை அடிக்க வீட்டில் ஓர் இடம் இல்லை.

"இருநூறு ரூம் கட்டினீங்களே" என்றார் மனைவி. "ஒண்ணுலகூடக் கதவு வெக்கலையா?"

"இல்ல" என்றார் அவர். அதுவரை அதை யோசித்ததே இல்லை.

அக்கா வந்தாள். வாக்கரை ஊன்றி ஊன்றி, மைதானத்தைச் சுற்றி வருபவள் போல வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். படிக்கு அடியில் வந்து நின்றாள். பச்சைச் சுவர், வட்டக் கண்ணாடி, ஒட்டுப்போட்ட தரை எல்லாவற்றிலும் அவள் கண் போய்வந்தது. கம்பியைத் தொட்டாள். அது, உட்கார்ந்தால் சரியாக அவள் முழங்கை வரும் உயரத்தில் இருந்தது. அவள் முகம் இளகுவதை அவர் பார்த்தார். அடுத்து என்ன கேட்பாள் என்பதும் தெரியும், காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது.

"கதவு எங்கடா?"

மூணுசுவர் தாழ்ப்பாளை நீட்டினார். அதைத் தவிர அவரிடம் காட்ட ஒன்றும் இல்லை. மனைவி சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டார், அங்கே ஏதோ பாத்திரம் உருண்டது. மூணுசுவர் பேசினைக் காட்டினார், தூணைக் காட்டினார், நாலு நாள் என்றார். முதல் பார்வை என்று ஆரம்பித்தவர் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

திட்டியிருந்தால் பரவாயில்லை. அவள் திட்டவில்லை. ஹாலில் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். "என்னைத் திரும்ப ஆஸ்பத்திரியிலயே கொண்டுபோய் விட்டுடு" என்றாள். அந்தப் பெரிய குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பன்னிரண்டு வயதுக் குரல் மாதிரி இருந்தது.

"அண்ணி, கெட்டியான திரை ஒண்ணு கட்டிடறேன்" என்றார் மனைவி. "வீட்டுல நாம மூணு பேர்தானே?"

"திரைக்குத் தாழ்ப்பாள் கிடையாதேம்மா."

ஒரு மணி நேரம் போயிற்று. எவ்வளவு ரோஷக்காரியாக இருந்தாலும் உடம்புக்கு ரோஷம் கிடையாது. அக்கா எழுந்து மாடிப்படிக்குக் கீழே போய் நின்றாள். பதினோரு படியையும் ஒவ்வொன்றாக எண்ணுவது போலப் பார்த்தாள். வாக்கரை ஒதுக்கிவிட்டுக் கைப்பிடியில் கையை வைத்தாள். மூணுசுவர் ஓடிப்போய் முன்னால் நின்றார்.

"அக்கா, வேண்டாம். திரை போட்டுடலாம். நான் வெளியே நிக்கறேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஐம்பத்து நாலு வயது, தொப்பை, நரைத்த மீசை.

"நிப்பியா?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான் கேட்டாள். "நிப்பேன்" என்றார்.

படுக்கை விரிப்பு ஒன்று திரையாகத் தொங்கியது. அக்கா உள்ளே போனாள். மூணுசுவர் திரைக்கு முதுகைக் காட்டி, ஹாலைப் பார்த்து நின்றார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அவள் ஏன் காத்திருக்கிறாள் என்று சற்று நேரம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஓரெண்டு ரெண்டு" என்றார். "ஈரெண்டு நாலு. மூவிரெண்டு ஆறு."

உள்ளே குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அவர் அமைத்த இருநூற்றுச் சொச்சம் அறைகளில் முதல் தடவையாக ஒன்றில் தண்ணீர் ஓடியது. அதை ரசிக்க அவருக்கு நேரமில்லை. மூன்றாம் வாய்ப்பாட்டுக்குத் தாவினார்.

ஷோரூமுக்கு நாலு நாள் லீவு சொல்லிவிட்டார். புது மாதிரி அறைகள் திறக்கிற வாரம் அது. முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். இவர் போனை அணைத்துவிட்டார். நாளைக்கு ஆறு ஏழு தடவை காவல். மனைவி வேலைக்குப் போகும்போது, "மூச்சை இழுங்க, பிடிங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். இரண்டாம் நாளுக்குள் வாய்ப்பாடு எல்லாம் தண்ணீர்ப்பட்ட பாடாகிவிட்டது. எண்ணிக்கை தவறினால் திரைக்குள்ளிருந்து திருத்தம் வரும்.

"ஆறேழு நாப்பத்து நாலு."

"நாப்பத்தி ரெண்டு! எப்படிடா நீ சுவருக்கு அளவெடுக்கற?"

மூன்றாம் நாள் பதினோரு மணி இருக்கும். மனைவி ஆஸ்பத்திரியில். அக்கா உள்ளே இருந்தாள், மூணுசுவர் பத்தாம் வாய்ப்பாட்டில் இருந்தார். வாசலில் மணி அடித்தது. அவர் நகரவில்லை. மறுபடி அடித்தது. பிறகு கதவைத் தட்டுகிற சத்தம். "மூணுசுவர்! யோவ் மூணுசுவர்! வீட்டுல இருக்கியா இல்லையா?"

முதலாளி. இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட இந்த வீட்டு வாசலை மிதிக்காதவர் இன்று நேரில் வந்திருக்கிறார். போகாவிட்டால் வேலைக்கே உலை வைத்தாலும் வைப்பார். வாசல் பத்தே எட்டில் இருந்தது. ஓடிப்போய்த் திறந்துவிட்டு ஓடிவந்துவிடலாம். அவர் கால் ஒரு தடவை அசையவும் செய்தது. திரைக்குள் வாக்கர் கிறீச்சிட்டு நின்றுபோனதை அவர் கேட்டார். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள்.

மூணுசுவர் காலைத் திரும்ப வைத்தார். குரலை ஏற்றினார். பதினொன்று முடிந்தது, பன்னிரண்டு முடிந்தது. முதலாளி மணியை விடாமல் அழுத்தினார். பதிமூன்றாம் வாய்ப்பாடு அவருக்குச் சரியாகத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, கூட்டிக் கூட்டிச் சொன்னார்.

"ஒரு பதிமூணு பதிமூணு! ரெண்டு பதிமூணு இருபத்தாறு!"

முதலாளி ஜன்னல் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். தன்னுடைய மூத்த ஊழியர் ஒரு படுக்கை விரிப்புக்கு முன்னால் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கைகட்டி நிற்பதையும், தன்னைப் பார்த்து 'வர முடியாது' என்று தலையை ஆட்டிக்கொண்டே, "ஏழு பதிமூணு தொண்ணூத்தொண்ணு!" என்று வீடு அதிரக் கத்துவதையும் பார்த்தார். மணியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

பதினைந்தாம் வாய்ப்பாட்டில் திரை விலகியது. அக்கா முகம் கழுவி, தலை வாரி, நிதானமாக வெளியே வந்தாள். "யாரோ வந்திருக்காங்க போலிருக்கே, போய்த் திற" என்றாள்.

முதலாளி உள்ளே வந்து பைத்தியம் ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு திரையை ஒதுக்கி அறையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"நம்ம ஷோரூம்ல இருக்கற எல்லாத்தையும்விட நல்லா இருக்கேய்யா!" என்றார். அப்புறம் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "கதவு எங்க?" என்றார்.

மூணுசுவர் அசடு வழிந்தார். பதில் அக்காவிடமிருந்து வந்தது, மைதானத்துக் குரலில்.

"கதவா? இதோ நிக்குதே" என்று தம்பியின் தோளில் கையை வைத்தாள்.

ஐந்தாம் நாள் காலை தச்சர் வந்து மடிப்புக் கதவை மாட்டினார். தூணில் இடிக்காமல் நாலு விரல்கடை தள்ளி அழகாக மடிந்து நின்றது. தாழ்ப்பாளை மூணுசுவர் தன் கையாலேயே முடுக்கினார். அக்கா உள்ளே போனாள். கதவு விரிந்து மூடியது. 'டக்' என்றது. ஷோரூமில் பதினான்கு தாழ்ப்பாளில் தேடிப் பிடித்த அதே 'டக்'.

இனி அவருக்கு அங்கே வேலையில்லை. ஷோரூமுக்கு நேரமாகிவிட்டது, சாப்பாட்டுப் பை மேஜை மேல் தயாராக இருந்தது. ஆனால் கால் நகரவில்லை. நாலு நாள் பழக்கம், அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"டேய்" என்றது உள்ளேயிருந்து குரல்.

"என்னக்கா?"

"அன்னிக்கு அந்த லாரி சேத்துலேர்ந்து வெளிய வந்துச்சா?"

மூணுசுவர் கதவைப் பிடித்துக்கொண்டார். நாற்பத்தேழு வருஷம். அவள் கேட்கவே மாட்டாள் என்று நினைத்திருந்தார்.

"வந்திருக்கணும்க்கா" என்றார் மெதுவாக. "நான் ஓடிப்போய்ச் சேர்றதுக்குள்ள அது கிளம்பிப் போயிடுச்சு. வெறும் சேறுதான் இருந்துச்சு. நான் லாரியைப் பாக்கவே இல்ல."

உள்ளே சிரிப்பு வெடித்தது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள் போல, கம்பி அதிர்கிற சத்தமும் கூடவே கேட்டது. அந்தச் சிரிப்பு நாலு சுவரிலும் பட்டுத் திரும்பித் திரும்பி வந்தது. சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தார்.

சிரிப்பு ஓய்கிற வரைக்கும் மூணுசுவர் அங்கேயே நின்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.